பூனைக் கதவு

பூனைக்குன்னு எவனாவது இரும்புல கதவு போடுவானா, அதுவும் வெளிப்பக்கமா தாப்பா வெச்சு? காலைல ஆறரை மணிலேர்ந்து வேணி மண்டைக்குள்ள இது ஒண்ணுதான் ஈ மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு. முன்னாடி வசுமதி மேடம் போறாங்க, கைத்தறி குர்தா, ஸ்போர்ட்ஸ் ஷூ, காதோரமா சின்ன மைக்கு. அவங்க பின்னாடி பதினொரு பேரு, தொப்பி, தண்ணி பாட்டில், கேமரா. எல்லாருக்கும் கடைசி ஆளா வேணி, யாரும் வழி தவறிப் போய்டாம பாத்துக்கற வேலை, அப்படின்னா ஆடு மேய்க்கற வேலை, அதுக்கு வாலண்டியர்னு பேரு வெச்சு நீல கலர்ல ஒரு டீஷர்ட்டும் குடுத்துருக்காங்க. 'தெரியாத தெருக்கள், ஆழ்வார்பேட்டை நடை'னு முதுகுல எழுதியிருக்கு. ஞாயித்துக்கிழமை. ஏரியா இன்னும் முழுசா முழிச்சுக்கல. அவ வீட்டாண்ட இந்நேரத்துக்கு லாரித் தண்ணிக்கு ரெண்டு சண்டை முடிஞ்சு மூணாவது ஆரம்பிச்சிருக்கும், இங்க என்னடான்னா ரோட்டுல காக்கா நடக்கற சத்தம் கேக்குது. ரெண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரம், மேல ஒண்ணோட ஒண்ணு சேந்து, வெயில் கீழ வர்றதுக்கே பெர்மிஷன் கேக்கணும் போல. கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன், வாட்ச்மேனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாயைக் கூட்டிட்டுப் போறவங்க யாருமே நாய்க்குச் சொந்தக்காரங்க மாதிரி தெரியல. கையில இருக்கற அட்டை வேர்வைல ஊறி முனை மடங்கிடுச்சு, இருந்தாலும் அவளுக்கு அது மனப்பாடம். 'எட்டாவது நிறுத்தம். பூனைக் கதவுச் சந்து. பெரிய வீடுகளின் பின்சுவரில், முழங்கால் உயரத்தில், பதினான்கு சின்னஞ்சிறு இரும்புக் கதவுகள். அந்தக் காலத்துச் சீமாட்டிகள் தங்கள் செல்லப் பூனைகளுக்காக வைத்தவை என்பார்கள். ஒரு நிமிடம் நிறுத்தவும், படம் எடுத்துக்கொள்ளட்டும்.' என்பார்கள். யாரு என்பார்கள்? எவ என்பாள்? செமினார்ல ஒருத்தன் இப்படி ஒரு 'என்பார்கள்' போட்டுட்டு வந்தா எழுந்து நின்னு கிழிச்சுத் தொங்கவிடறவ அவ. எம்.ஏ. ஹிஸ்டரி ரெண்டாவது வருஷம், வாயாடி, ஹெச்.ஓ.டி.யே அவ கைய தூக்கினா வாட்ச்சப் பாக்க ஆரம்பிச்சிடுவாரு. அந்த வாயி இந்த அட்டைய மூணு வாரமா கையில வெச்சுக்கிட்டு ஒரு வார்த்த பேசல. ஏன் பேசல? கேளு, உன்னையே கேட்டுக்க. இன்னும் ஒரு மணி நேரத்துல நீதான் அத வாசிக்கப் போற, முதல் தடவையா, உனக்குன்னு ஒரு நிறுத்தம். நல்லா பண்ணிட்டா அடுத்த மாசத்துலேர்ந்து நீயே தனியா நடை கூட்டிட்டுப் போலாம். அது போகட்டும், டெல்லில ஆவணக் காப்பகப் பயிற்சிக்கு மேடம் ஒரு கடிதம் தரணும், இன்னிக்கு சாயங்காலம் எழுதிடறேன் கண்ணான்னு சொல்லியிருக்காங்க. கண்ணா. அந்தம்மா நல்லவங்கதான், அதுதானே தொல்லையே. கெட்டவங்களா இருந்திருந்தா என்னிக்கோ ஒரு வழி பண்ணியிருப்பா.

அது எதுக்கு வெச்ச கதவுன்னு அவளுக்குத் தெரியும், தெரிஞ்சு பதினாறு நாளாச்சு. அதுக்கு முன்னாடி அவளும் பூனைன்னுதான் நெனைச்சா, அத யோசிச்சாதான் இன்னும் காந்துது, தாப்பா வெளியில இருக்கேன்னு ஒரு ஹிஸ்டரி ஸ்டூடண்டுக்குத் தோணல பாரு. அன்னிக்கு ஹவுசிங் போர்டு வீட்ல, வராண்டால, டீ குடிச்சுக்கிட்டே கோட்டம்மா அத்தைக்கு போன்ல நடையோட படமெல்லாம் காட்டிட்டிருந்தா. அத்தைன்னா அப்பாவுக்கு மூத்த அக்கா, அறுபத்தெட்டு வயசு, கல்யாணம் பண்ணிக்கல, அவங்களோடயேதான் இருக்குது. 'இன்னாடி அரமணை மாதிரி கீது, யாரு வூடு இது?' தூணு, வளைவு, கலர் கண்ணாடி ஜன்னல், ஒண்ணொண்ணா தள்ளிக்கிட்டே வந்தா, அத்தைக்கு ஒரு வீடும் தெரியல. 'அத்த, நீ அந்தப் பக்கம்தான வேல செஞ்சன்னு அப்பா சொல்லுச்சு?' 'ஆமா செஞ்சேன். இந்த வூடெல்லாம் நான் பாத்ததில்லடி.' அப்பறம் சந்து படம் வந்துச்சு. அத்தை போன வாங்கி மூக்குகிட்ட வெச்சுக்கிச்சு. 'தோ, இது டாக்டரு வூடு. இது வக்கீலு வூடு. இதுதான் அழுவற அம்மா வூடு. இது பாட்டு வூடு, ஒரு சின்னப் பொண்ணு அஞ்சு மணிக்கே எந்திரிச்சு பாட்டு படிக்கும், தோ பாரு நாகலிங்க மரம், அதே மரம்.' முன்பக்கம் பாத்து ஒண்ணுகூட தெரியல, முதுகப் பாத்து பதினாலு வீட்டையும் பேரு சொல்லுது. மனுஷங்கள முதுகு பாத்து அடையாளம் சொல்ற மாதிரி. வேணி சிரிச்சுக்கிட்டே அந்தப் பூனைக் கதைய சொன்னா. அத்தை டீய கீழ வெச்சுது. வெச்சுட்டு சிரிச்சுது பாரு ஒரு சிரிப்பு, இருமல் வந்து, கண்ணுல தண்ணி வந்து, பக்கத்து வீட்டு ரோஸி அக்கா எட்டிப் பாத்து என்னாச்சுன்னு கேக்கற அளவுக்கு. 'பூனையாம் ரோஸி! கேட்டியா! எங்கள பூனைன்றாங்கோ!' அப்பறம்தான் சொல்லுச்சு. எடுப்புக் கக்கூஸ். உள்ள மேடை, மேடைக்குக் கீழ வாளி. வாசல் வழியா வரக் கூடாது, வீட்டுக்குள்ள வரக் கூடாது, யாரு கண்ணுலயும் படக் கூடாது, அதுக்குன்னே வீட்டுக்குப் பின்னாடி ஒரு சந்து, செவுத்துல ஒரு கதவு, அதத் தொறந்து கைய விட்டு வாளிய இழுக்கணும். கை. அதச் சொல்லும்போது அத்தை கைய நீட்டிக் காமிச்சுது, தோள் வரைக்கும், சும்மா ஏதோ அலமாரிலேர்ந்து டப்பா எடுக்கற மாதிரி. பதினாலு வயசுலேர்ந்து இருபத்திமூணு வயசு வரைக்கும். வேணிக்கு இப்போ இருபத்திரெண்டு.

"இந்தத் தெருவோட அழகே அந்த சைலன்ஸ்தான்," மேடம் மைக்குல சொல்றாங்க. கூட்டத்துல ஒருத்தர், சேஷன் சார், பேங்க்லேர்ந்து ரிட்டயர் ஆனவரு, எல்லா நடைக்கும் வர்றவரு, எல்லாத்துக்கும் ஒரு வால் சேக்கறவரு, "அந்தக் காலத்துல இன்னும் அமைதியா இருக்கும்மா. சத்தமே கிடையாது," அப்படின்னாரு. வேணி வாய்ல தானா வந்துடுச்சு: "யாருக்கு சார்?" எல்லாரும் திரும்பினாங்க. "யாருக்கு அமைதியா இருந்துச்சு? அப்பவும் யாராவது பெருக்கியிருப்பாங்க, தண்ணி எறைச்சிருப்பாங்க, விறகு பொளந்திருப்பாங்க. அவங்க சத்தம் போடாம வேலை செஞ்சாங்கன்னா அத அமைதின்னு சொல்றதா?" மேடம் சிரிச்சுட்டாங்க. "சொன்னேன்ல, இவ எங்க பச்ச மொளகா. பாத்துக் கடிங்க சார்." பதினொரு பேரும் சிரிச்சாங்க, சேஷன் சாரும் சிரிச்சாரு, காத பொத்திக்கற மாதிரி ஆக்‌ஷன் வேற. இதுதான். இதத்தான் அவளால தாங்க முடியல. அவ கோவம் இவங்களுக்கு டிபனோட தொட்டுக்கறதுக்கு. நடைக்கு வந்தவங்க விமர்சனத்துல எழுதறாங்க, 'துடிப்பான இளம் தொண்டர், சூப்பர்'னு, அஞ்சு ஸ்டார் போட்டு. வேற யாருக்காவது சண்டை போடறதுன்னா அவ வாயி அருவி. கண்டக்டர் ஒரு கெழவியத் திட்டினா அவ எறங்கிச் சண்டை போடுவா. தலைமுடி வெட்டாததுக்கு ஜூனியர் பையன வெளிய நிக்க வெச்சாங்கன்னு பிரின்சிபால் ரூமுக்கே போனவ. தனக்குன்னு வந்தா மட்டும் நாக்கு அண்ணத்துல ஒட்டிக்குது. முதல் நாளு மேடம் வீட்ல இண்டர்வியூ மாதிரி ஒண்ணு. உங்க வீடு எங்கம்மா? மந்தைவெளி மேடம். ஓ, நம்ம பக்கத்துலயே! அப்பா என்ன பண்றாரு? கார்ப்பரேஷன்ல இருக்காரு. ஓ, இன்ஜினியரா? அப்போ அவ சொன்னது 'ம்'. வாயத் தொறக்காம, மூக்கால, ஒரு 'ம்'. பொய்யின்னுகூட சொல்ல முடியாது, ஒரு சத்தம், தொண்டை கரகரப்புன்னு வெச்சுக்கலாம். குப்பை லாரி ஓட்டற அப்பா அந்த ஒரு சத்தத்துல இன்ஜினியர் ஆயிட்டாரு. அன்னிக்கு சாயங்காலம் அப்பா யூனிஃபார்ம துவைச்சுக் காயப் போட்டுக்கிட்டு, 'இன்னா சொன்னாங்க, எடுத்துக்கிட்டாங்களா?'ன்னு கேட்டாரு. எடுத்துக்கிட்டாங்கப்பா. சந்தோஷம் தாங்கல அவருக்கு, எதுத்த வீட்டுக்கெல்லாம் போயி சொன்னாரு. ரெண்டு வருஷமா அந்த 'ம்' தொண்டையிலயே உக்காந்துருக்கு, துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல.

ஆறாவது நிறுத்தம் மேடம் வீடே. ஒம்பதாம் நம்பர். முன்னாடி வளைஞ்ச படி, மேல மரத்துல செதுக்கின தொங்கட்டான், செவப்பு ஆக்ஸைடு தரை கண்ணாடி மாதிரி மின்னுது. "எங்க தாத்தா கட்டினது. நான் இங்கதான் பொறந்தேன், இங்கதான் பாட்டு கத்துக்கிட்டேன், அம்மா விடியக்காலம் எழுப்பி விட்டுடுவா. அந்த மரம் தெரியுதா பின்னாடி? நாகலிங்கம். எங்கம்மா வெச்சது. எங்கம்மா கையால சாப்பிடாம யாருமே போனது கிடையாது இந்த வாசல்லேர்ந்து." வாசல்லேர்ந்து, சரிதான். வேணி இந்த வாசல எத்தனையோ தடவ பாத்திருக்கா, உள்ள போயி காபி குடிச்சிருக்கா, எவர்சில்வர் டம்ளர்ல, எல்லாரும் குடிக்கற அதே டம்ளர், முதல் தடவ அத கவனிச்சு வெச்சுக்கிட்டா, கவனிச்சதுக்கு தன் மேலயே வெறுப்பு வந்துச்சு. ஒம்பது வருஷம் இந்த வீட்டுக்கு தெனம் வந்த அத்தைக்கு இந்தப் படி தெரியாது. 'முன்னாடி தூணு வேற உண்டா?'ன்னு கேட்டுச்சு. அஞ்சு மணிக்குப் பாட்டு படிச்ச பொண்ணு இதோ மைக் மாட்டிக்கிட்டு நிக்குது, தலைல பாதி நரைச்சுப் போயி. அவங்க குரல அத்தைக்குத் தெரியும், என்ன பாட்டுல எங்க தப்பு பண்ணுவாங்கன்னுகூட தெரியும், மறுபடி மறுபடி அந்த எடத்துலயே இடறும்டின்னு பாடிக் காமிச்சுது. அவங்களுக்கு அத்தை இருந்ததே தெரியாது. தெரியாதா, தெரிஞ்சும் தெரியாதா? ஒரு கொழந்தை கக்கூசுக்குள்ள உக்காந்திருக்கும்போது கீழ வாளி நகர்ற சத்தம் கேக்குமே. கேட்டிருக்கும். கேட்டுட்டுப் பூனைன்னு யாராவது சொல்லியிருப்பாங்களோ? அழுவாத கண்ணா, ஒண்ணுமில்ல, பூனைன்னு? அப்படித்தான் வந்துச்சா இந்தக் கதை? அடச்சீ, அவங்களுக்கு சாக்கு கண்டுபிடிச்சுக் குடுக்கறது உன் வேலையா? ஏழாவது நிறுத்தம் ஒரு தபால் பெட்டி. அதுல அழிஞ்சு போன நம்பரப் பத்தி ஆளாளுக்குக் கேள்வி கேக்கறாங்க, மேடம் என்ன சொல்றாங்கன்னு அவ காதுல விழல. இடது செருப்பு வாரு அறுக்குது. அக்குள்ல வேர்வை. அட்டைல இருக்கறத அப்படியே வாசிச்சுட்டா ரெண்டு நிமிஷம். ரெண்டு நிமிஷம்தான், செத்தா போய்டுவ? சாயங்காலம் கடிதம், ஜூலைல டெல்லி, அங்க போயி அடுக்கு அடுக்கா ஃபைலு, அதுல தேடி எடுத்து, எழுதி, அச்சுல வந்தப்பறம், அப்ப சொல்லு உண்மைய, அடிக்குறிப்போட. நல்ல யோசனை. எல்லா கோழையும் இப்படி ஒரு தேதி குறிச்சுத்தான் வெச்சிருப்பான்.

பயம் உண்மைய சொல்றதுல இல்ல. அதச் சொன்ன அடுத்த செகண்டுல வர்ற கேள்விலதான். உனக்கு எப்படித் தெரியும்? சேஷன் சார்தான் கேப்பாரு, கண்டிப்பா, எல்லாத்துக்கும் ஆதாரம் கேக்கற ஆளு. புக்ல படிச்சேன் சார். எந்த புக்கு, யாரு போட்டது, எத்தனாம் பக்கம்? ஆர்க்கைவ்ஸ்ல பாத்தேன் சார். எந்த ஃபைலு? எங்க அத்தை சொல்லுச்சு சார். உங்க அத்தைக்கு எப்படிம்மா தெரியும்? அங்கதான். அந்த எடம் வரைக்கும் போயி அவ மூளை நின்னுடுது, பஸ்ஸு டெர்மினஸ்ல நிக்கற மாதிரி, அதுக்கப்பறம் ரூட்டு கெடையாது, மறுபடி திரும்பி கிளம்பின எடத்துக்கே. அவங்க மொகம் எப்படி மாறும்னு அவளுக்குத் தெரியும். திட்ட மாட்டாங்க. வெலகவும் மாட்டாங்க, படிச்சவங்க. கண்ணு ஒரு மாதிரி ஈரமாகும். 'ச்சு' கொட்டுவாங்க. எவ்ளோ தைரியம்மா உனக்குன்னு ஒரு அம்மா கைய புடிச்சுப்பாங்க, புடிச்ச கைய எவ்ளோ நேரம் புடிச்சிருந்தாங்கன்னு அவங்களே மனசுக்குள்ள மார்க் போட்டுப்பாங்க. அப்பறம் அவ என்ன சண்டை போட்டாலும் அதுக்கு ஒரு காரணம் கெடைச்சுடும். ஓ, அதான் இவ இப்படி. இப்போ பச்ச மொளகா. அப்போ பாவம். வேணிக்கு எவன் வேணா எதிரியா இருந்துட்டுப் போகட்டும், பாவம்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாது. சரி, அப்ப வாசி, பூனையவே வாசி. ஆனா வாசிக்கும்போது அத்தை சிரிக்கற சத்தம் கேக்குமே. ரோஸி, கேட்டியா! அந்த சிரிப்பு சந்தோஷமா கோவமான்னு இன்னிக்கு வரைக்கும் அவளுக்குப் புரியல. சிரிச்சு முடிச்சதும் அத்தை டீய எடுத்துக் குடிச்சுது. ஆறிப் போச்சுன்னு சூடு பண்ணித் தரச் சொல்லுச்சு. அவ்ளோதான். பூனைன்னு சொல்லாதன்னும் சொல்லல, உண்மைய சொல்லுன்னும் சொல்லல. சொல்லியிருந்தா அதுக்காவது ஒரு சண்டை போட்டிருக்கலாம்.

சந்து வந்துடுச்சு. ரெண்டு பேரு ஒண்ணா நடந்தா தோளு இடிக்கும், அவ்ளோ அகலம்தான். ரெண்டு பக்கமும் ஆளு ஒசரத்துக்கு மேல செவுரு, பாசி, மேலேர்ந்து காகிதப் பூ கொட்டிக் கெடக்கு, ஏசி மெஷினுங்க சொட்டு சொட்டா தண்ணி விட்டுக்கிட்டு, குளுகுளுன்னு இருக்கு. "வாவ்," அப்படின்னு யாரோ சொன்னாங்க. சனியன், செவுத்து மேல நெஜமாவே ஒரு பூனை உக்காந்துட்டிருக்கு, மஞ்சக் கலரு, காது ஒண்ணு கிழிஞ்சது. எல்லாரும் "ஓ" அப்படின்னு உருகிட்டாங்க. "பாத்தீங்களா, வாடகை கேக்க வந்துருக்கு," மேடம் மைக்க கழட்டி அவ கையில குடுத்தாங்க. "கண்ணா, உன் டர்ன்." மைக்கு சூடா இருந்துச்சு. வேணி அட்டையத் தூக்கினா. "எட்டாவது நிறுத்தம்," சத்தம் வந்துச்சு, அவ சத்தம்தான், கொஞ்சம் மேல. "பூனைக் கதவுச் சந்து. பெரிய வீடுகளின் பின்சுவரில்." பின்சுவரில். முதுகுல. கண்ணு தன்னால நாகலிங்க மரத்துகிட்ட போச்சு, மரத்துக்கு நேர் கீழ ஒரு கதவு, துரு தின்னு, பாதி தொறந்து. அந்தக் கதவாண்ட நரேன்னு ஒருத்தன், ஐடி கம்பெனி, பொண்டாட்டி மிருதுளாவோட வந்திருந்தான், மண்டி போட்டு உக்காந்துட்டான். போன்ல லைட்டப் போட்டு உள்ள கைய விட்டான். முழங்கை போச்சு. தோளு போச்சு. கன்னத்த செவுத்துல ஒட்ட வெச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, கைய மட்டும் உள்ள துழாவறான். அத்தை காமிச்சதுதான். அதே மாதிரி. அப்படியே அதே மாதிரி, கன்னம், தோளு, எல்லாம். "உள்ள ஏதோ மேடை இருக்குங்க," நரேன் சொல்றான், "ரெண்டு பக்கம் கல்லு, நடுவுல ஓட்டை. கால் வெக்கறதுக்கா? பூனைக்கு எதுக்கு இவ்ளோ செட்டப்பு?" "ராஜ வாழ்க்கைடா," மிருதுளா சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க.

"பூனைக்கு இல்ல," அப்படின்னா வேணி. மைக்குல வந்ததால சந்து முழுக்கக் கேட்டுச்சு, பூனை எழுந்து நின்னுச்சு. "எடுப்புக் கக்கூஸ். நீங்க கைய விட்டுருக்கீங்களே, அங்க வாளி இருக்கும். தெனம் காலைல வந்து, இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, இப்படியே உக்காந்து, வாளிய வெளிய இழுத்து, வழிச்சு எடுத்துட்டுப் போவாங்க. அவங்க வாசல் பக்கம் வரக் கூடாது. அதுக்குத்தான் இந்த சந்து. இந்தச் சந்துக்கு வேற எந்த வேலையும் கெடையாது." நரேன் கைய வெளிய எடுத்தான். அத என்ன பண்றதுன்னு அவனுக்குத் தெரியல, ஒடம்புலேர்ந்து தள்ளி, யாரோட கையையோ புடிச்சிட்டிருக்கற மாதிரி வெச்சிட்டிருந்தான். "ஐயோ," மிருதுளா பேக தொறந்தா, சானிடைசர் பாட்டில எடுத்தா, அவன் கையில கொட்டினா, தேய்ச்சா, மறுபடி கொட்டினா. "அது எப்பவோ நின்னு போச்சும்மா," சேஷன் சார், "அம்பது வருஷம் இருக்கும். எங்க வீட்லல்லாம் ஆரம்பத்துலேர்ந்தே ஃப்ளஷ்ஷுதான்." சொல்லிக்கிட்டே கைய நீட்டினாரு. மிருதுளா அவருக்கும் ரெண்டு சொட்டு விட்டா. பக்கத்துல இருந்த அம்மா நீட்டினாங்க. அவங்க பக்கத்துல இருந்த பொண்ணு. ஒருத்தரும் எதையும் தொடல, நரேன் ஒருத்தன்தான் தொட்டான், ஆனா பாட்டிலு கோயில்ல தீர்த்தம் குடுக்கற மாதிரி கை மாறிப் போய்க்கிட்டே இருக்கு, எல்லாரும் தேய்ச்சுக்கறாங்க, சந்து பூரா ஆஸ்பத்திரி வாசனை. வேணி நின்னுட்டிருக்கா. இப்ப வரும். இதோ வரும். உனக்கு எப்படித் தெரியும். தொண்டைய சரி பண்ணிக்கிட்டா. ஒருத்தரும் கேக்கல. சேஷன் சார் கேக்கல. மேடம் கிட்ட வந்து மைக்க மெதுவா வாங்கிக்கிட்டாங்க. "தேங்க்யூ வேணி, ரொம்ப முக்கியமான பாயிண்ட். அடுத்த தடவை அட்டைல இதையும் சேத்துடலாம், 'என்றும் சொல்வார்கள்'னு. சரி, எல்லாரும் டயர்டா இருப்பீங்க, காபி ரெடியா இருக்கும், வாங்க."

எல்லாரும் திரும்பிட்டாங்க. அவ்ளோதானா? பதினாறு நாளு தூக்கம் இல்லாம ஒவ்வொரு பதிலா செஞ்சு செஞ்சு அடுக்கி வெச்சதெல்லாம் யாருக்கு? கேள்விக்குப் பயந்தவளுக்கு கேள்வியே வரல, சந்தோஷப்படேன், தப்பிச்சுட்ட, மூடிக்கிட்டு காபி குடிக்கப் போயேன். இதவிட பாவம்னே சொல்லியிருக்கலாமேன்னு தோணுச்சு அவளுக்கு. எல்லார் முதுகும் தெரியுது. பதினொரு முதுகு. "மேடம்," கத்திட்டா. "எனக்கு எப்படித் தெரியும்னு ஒருத்தரும் கேக்கலியே?" நின்னாங்க. "கேளுங்க. தபால் பெட்டில நம்பர் அழிஞ்சு போயிருந்ததுக்கே பத்து நிமிஷம் கேள்வி கேட்டீங்க." மேடம் மொகத்துல மொதல் தடவையா அவ ஒரு குழப்பத்தப் பாத்தா. "வேணி, கண்ணா, அப்பறம்..." "எங்க அத்தை பேரு கோட்டம்மா. இந்த சந்துல ஒம்பது வருஷம் எடுத்துது. இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு. எங்கப்பா இன்ஜினியர் இல்ல மேடம், லாரி டிரைவரு, குப்பை லாரி, நீங்க கேட்டப்ப நான் 'ம்'னு சொன்னது பொய்யி. இதோ இது டாக்டர் வீடு. வீட்ல யாருக்குக் காய்ச்சல்னு டாக்டருக்கு முன்னாடி எங்க அத்தைக்குத் தெரியும். இது வக்கீல் வீடு. இதுக்கு அடுத்த வீட்ல ஒரு அம்மா உள்ள உக்காந்துதான் அழுவாங்களாம், வேற எங்கயும் அழ முடியாது போல. எங்க அத்தை வாளிய இழுக்காம அவங்க முடிக்கற வரைக்கும் குந்திக்கிட்டு இருக்குமாம். யாரு நல்லவங்க யாரு கெட்டவங்கன்னு கேட்டேன் ஒரு தடவ. அதெல்லாம் அதுக்குத் தெரியாதாம். ரெண்டே ஜாதி வீடுதான் அதுக்கு. அடுப்புச் சாம்பல ஒரு கை அள்ளி மேல போட்டுட்டுப் போற வீடு, போடாத வீடு. சாம்பல் போட்டா நாத்தம் அடங்கும், வழிக்கறது சுலபம், கையில ஒட்டாது. ஒரு கை சாம்பல், அது போதும். டாக்டர் வீட்ல போடுவாங்க. வக்கீல் வீட்ல போடுவாங்க, விசேஷ நாள்ல மறந்துடுவாங்க. அந்தக் கடைசி வீட்ல ஒரு நாளும் கெடையாது." கூட்டத்துல யாரும் 'ச்சு' கொட்டல. நரேன் அந்தக் கதவையே பாத்துக்கிட்டு நிக்கறான்.

"எங்க வீட்ல?" அப்படின்னாங்க மேடம். மைக்கு ஆன்லயே இருந்துச்சு போல, அந்த ரெண்டு வார்த்தையும் செவுத்துல பட்டுத் திரும்பி வந்துச்சு. அவங்க அத அணைக்கக்கூட இல்ல. "எங்க வீட்ல சாம்பல் போட்டாங்களா, வேணி?" எத்தனை கேள்விக்குத் தயாரா வந்திருந்தா, இந்தக் கேள்விய யாரும் கேப்பாங்கன்னு அவ நெனைக்கவே இல்ல. இவ்ளோ சின்னக் கொரல்ல. அறுபது வயசு பொம்பள இல்ல, யாரோ அஞ்சு மணிக்கு எழுப்பி விட்ட ஒரு பொண்ணு கேக்கற மாதிரி. போட்டாங்க மேடம்னு சொல்லிடலாம். யாருக்குத் தெரியப் போகுது, அத்தையா வந்து சாட்சி சொல்லப் போகுது? ஒரு வார்த்தைல இந்தம்மா நிம்மதியா வீட்டுக்குப் போவாங்க, சாயங்காலம் கடிதம் எழுதுவாங்க, இன்னும் நல்லாவே எழுதுவாங்க, ராத்திரி தூங்குவாங்க. அவங்க மேல அவளுக்குப் பாசம் இருந்துச்சு, அது அந்த நேரத்துல போயித் தொலைய மாட்டேன்னு நின்னுச்சு.

"போடல மேடம்."

மேடம் தலைய ஆட்டினாங்க, ஆமான்னும் இல்ல, இல்லன்னும் இல்ல. "எங்கம்மா..." அப்படின்னு ஆரம்பிச்சு நிறுத்தினாங்க. "எங்கம்மா ரொம்ப நல்லவங்க, வேணி."

"தெரியும் மேடம். அத்தை சொல்லுச்சு. தீபாவளிக்குப் புடவ குடுப்பாங்களாம், பழசு இல்ல, புதுசு, மடிப்புக்கூட கலைக்காம. செவுத்துக்கு மேலேர்ந்து போடுவாங்களாம். சாம்பல் மட்டும் போடல."